சீட்டு இல்லாமல் வந்தவர்கள்

அவர்களுடைய குடும்பப் பெயர் ஒரே ஓர் எழுத்து. சொல்வதற்கு வாயைத் திறந்தால், மூடுவதற்குள் முடிந்துபோகும். பள்ளியில் வருகை எடுத்த ஆசிரியை, "மீதியை வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தாள். விண்ணப்பங்களில் அந்தப் பெயருக்கென்று விட்டிருக்கும் கட்டங்களில் முதல் கட்டம் மட்டும் நிறையும். மற்றவை வெறிச்சென்று கிடக்கும். வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "முழுசா எழுதுங்கம்மா" என்று திருப்பித் தருவார். இதுதான் முழுசு என்று சொல்லிச் சொல்லியே அக்காவும் தம்பியும் வளர்ந்தார்கள்.

அக்காவுக்குக் கிடைத்த வேலைதான் வேடிக்கை. பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் கூடத்தில் மைக்கில் பெயர் கூப்பிடுவது. நாளொன்றுக்கு நானூறு பெயர், சில நாள் ஐந்நூறு. அங்கே அவளை எல்லோரும் மைக்கக்கா என்றார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

வேலைக்கென்று ஒரு முறை உண்டு. சீட்டை எடுத்து, பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை சாதாரணமாக. இரண்டாவது தடவை சற்று இழுத்து. மூன்றாவது தடவை, காது மந்தமான கிழவருக்கும் புரியும்படி எழுத்தெழுத்தாக. அப்போதும் ஆள் வராவிட்டால் 'வரவில்லை' என்ற முத்திரையைச் சீட்டில் ஒரு குத்துக் குத்தி, தட்டின் அடியில் செருகிவிட வேண்டும். பதினாறு வருடத்தில் அந்தக் குத்து அவள் யோசிக்காமலே விழப் பழகிவிட்டது. அடுத்த பெயரை வாய் படித்துக்கொண்டிருக்கும்போதே வலது கை தன் பாட்டுக்கு முத்திரையைத் தேடிப் போகும்.

பெயர்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அந்தக் கூடத்தில் எட்டுத் தூண்கள். சில பெயர்கள் மூன்றாவது தூண் வரை போய்த் தொப்பென்று விழுந்துவிடும். சில பெயர்கள் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும். அவர்கள் குடும்பப் பெயரோ மைக்கின் கம்பி வலையைக்கூடத் தாண்டாது. அதனால் அந்தக் குடும்பத்தில் பிறக்கிற பிள்ளைக்கு வைக்கிற பெயர் இரண்டுக்கும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ரொம்பச் சின்னதாக வைத்தால் விக்கல் எடுத்ததுபோல் ஆகிவிடும். ரொம்ப நீளமாக வைத்தால், வேகமாக வந்த பஸ் சடக்கென்று பிரேக் போட்டதுபோல் கடைசியில் குலுங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் தம்பிக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. அம்மா அப்பா இல்லாத வீடு. பெயர் வைப்பது அக்கா பொறுப்பு என்று தம்பி சொல்லிவிட்டான். அவள் ஒரு சின்னப் பெயரைத் தேர்ந்தாள். குடும்பப் பெயரோடு சேர்த்துச் சொன்னால் கதவை ஓசைப்படாமல் சாத்துவதுபோல் இருந்தது. அந்த மென்மைதான் அவளுக்குப் பிடித்தது. சத்தமாகச் சொன்னால் எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று, காலை ஆறரைக்கு, கூடம் திறப்பதற்கு முன், ஒரு வெற்றுச் சீட்டில் பெயரை எழுதி மைக்கில் கூப்பிட்டாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

காலிக் கூடத்தில் யார் வருவார்கள்? யாரும் வரவில்லை. அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தபடி கீழே பார்த்தாள். சீட்டில் 'வரவில்லை' என்று ஊதா மை ஈரமாகப் பளபளத்தது. கை அதன் வேலையைச் செய்திருந்தது.

அசட்டுக் கை என்று சிரித்துக்கொண்டு சீட்டைக் கிழித்துப் போட்டாள். குழந்தை பதினோரு நாள் இருந்தது.

அந்த முத்திரையைப் பற்றி அவள் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "பைத்தியமா உனக்கு? சின்னக் குழந்தைக்கு நுரையீரல் சரியில்ல" என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, ஊதா மை பிடித்த விரலை அவள் அன்று முதல் தனியாகப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

இப்போது மறுபடியும் ஓர் ஆண்பிள்ளை. நாலு வாரம் முன்னதாகவே வந்துவிட்டவன். அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மணிக்கட்டில் கட்டிய பட்டையில் 'ஆண் குழந்தை' என்று போட்டு, பக்கத்தில் அந்த ஓரெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் பிறப்புப் படிவத்தில் பெயர் எழுதித் தர வேண்டும் என்று வார்டு சிஸ்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

"நீயே வை, உன் பொண்டாட்டி வைக்கட்டும். என்னை விட்டுடு" என்றாள் அக்கா.

தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். கையில் எப்போதும் கிரீஸ் வாசனை. மூன்றாம் மாடி வராந்தாவில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஒன்பதாம் மாடியில நின்னு கத்துனா தரைத்தளத்துல இருக்கிறவனுக்குக் கேக்கணும். அப்படி ஒரு பேரு. உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?"

"போன தடவை நான் வச்சது போதாதா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த அவன் மனைவிதான் குரல் கொடுத்தாள்.

"அண்ணி, நீங்க வைக்கலைன்னா நாங்க உங்க மேல பழி போட்டுட்டோம்னு ஆயிடும். எங்களுக்கு அது வேணாம்."

அதற்கு மேல் என்ன பேசுவது? தம்பி ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூன்று பெயர் எழுதிக் கொடுத்தான். முதலாவது அவன் மனைவிக்குப் பிடித்த புதுப்பாணிப் பெயர். இரண்டாவது அவனுக்குப் பிடித்தது, நடுத்தர நீளம், யாருக்கும் பொருந்துகிற பெயர். மூன்றாவது அவர்களுடைய தாத்தாவின் பெயர். "சும்மா எழுதி வச்சேன், திட்டாத" என்று மூன்றாவதைக் காட்டிச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அவள் மைக்கைப் போட்டாள். சீட்டு எழுதுவதில்லை, முத்திரையை மேசை மேலேயே வைப்பதில்லை என்று முன்னமே தீர்மானித்திருந்தாள். முத்திரையை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். தரை துடைக்கும் அம்மா அப்போதுதான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துடைத்து முடித்து, வாளியோடு வெளியே போயிருந்தாள். யார் காலை வைத்தாலும் "ஈரம், ஈரம்" என்று கத்துவதால் அவளுக்கு ஈரத்தம்மா என்றே பெயர்.

முதல் பெயரைக் குடும்பப் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டாள். எட்டாவது தூண் வரை போய்த் திரும்பி வந்தது. நல்ல பெயர்தான். இரண்டாவது தடவை இழுத்துக் கூப்பிட்டாள். குழாய் விளக்கு ஒன்று மட்டும் ஙொய்யென்றது. பெஞ்சுகள் வரிசையாகக் காலியாக இருந்தன. என்றைக்கும் அவை அந்த நேரத்தில் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அன்று அந்தக் காலி, யாரோ இருந்து எழுந்துபோன காலியாக இல்லை. யாருமே வந்து உட்காராத காலியாக இருந்தது.

மூன்றாவது தடவை கூப்பிட அவளுக்கு வாய் எழவில்லை. மைக்கை அணைத்தாள். மாலையில் தம்பியிடம், "சரியா விழல" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை இரண்டாவது பெயர். முதல் அழைப்பு முடிவதற்குள் ஐந்தாவது தூணுக்குப் பின்னாலிருந்து, "இதோ, நாங்கதான்" என்று குரல் வந்தது.

ஓர் ஆள் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயதுப் பெண் குழந்தை. இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிச் சிரிப்போடுதான் எழுந்து வந்தார்கள். வெளிக்கதவு பூட்டியிருக்கிறதே, எப்படி உள்ளே வந்தார்கள் என்ற கேள்வி அவளுக்கு உடனே வரவில்லை. பழக்கம்தான் முதலில் பேசியது.

"சீட்டு குடுங்க."

"சீட்டு இல்லையே. கூப்பிட்டீங்க, வந்துட்டோம்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற முகத்தைப் பார்த்தாள். அந்தக் காதுகள் அவளுக்குத் தெரியும். மேல் மடல் சற்று மடிந்து, யாரோ கிள்ளிவிட்டதுபோல். தம்பிக்கு அப்படி. அப்பாவுக்கும் அப்படி. மூன்றாம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறவனுக்கும் அப்படி.

தலையைக் குனிந்து தட்டைப் பார்த்தாள், எதையாவது பார்க்க வேண்டுமே என்று. நிமிர்ந்தபோது யாரும் இல்லை.

வாளியோடு திரும்பி வந்த ஈரத்தம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா மைக்கு! யாரை உள்ள விட்ட? இப்பதானே துடைச்சுட்டுப் போனேன்!"

"யாரும் வரலியே."

"வரலியா? அப்ப இது என்ன, என் மாமியார் காலா?"

ஐந்தாவது தூணிலிருந்து கவுன்டர் வரை ஈரத்தில் தடம் இருந்தது. பெரிய செருப்பு ஒன்று. பக்கத்திலேயே, இரண்டடிக்கு ஒரு தடவை குதித்துக் குதித்து வந்த சின்னச் செருப்பு. திரும்பிப் போன தடம் இல்லை. ஈரத்தம்மா முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒரு வீச்சில் துடைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் கூப்பிட்ட நானூற்றுச் சொச்சம் பெயர்களில் ஒன்றுகூட அவள் காதில் விழவில்லை. பயம் இருந்தது. பயத்துக்குள்ளே, சொல்ல வெட்கப்படும்படியாக, ஒரு துள்ளலும் இருந்தது. நாற்பது வயது! பதினோரு நாள் இல்லை, நாற்பது வருடம். மடியில் தூக்கிக் கொஞ்ச ஒரு மகள். இந்தப் பெயர்தான், முடிந்தது என்று நினைத்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோதுதான் மற்றவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர் இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஆணியால் குத்திய ஓட்டை இருந்தது. அதற்குப் பிறகும் பெல்ட்டின் நுனி நீளமாகத் தொங்கியது. சட்டைக் கழுத்துக்குள் கழுத்து ஆடியது. அந்தக் குழந்தை மறுகையில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது பொம்மை இல்லை. தடித்த நோய்க்கோப்பு. எத்தனையோ தடவை தூக்கிப் பழகிய பிடி. அந்தக் கூடத்துக்கு யாரும் வேடிக்கை பார்க்க வருவதில்லை.

பெட்டியை மூடிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பையன் வாயைக் குவித்து எதையோ உறிஞ்சுவதுபோல் கனவு கண்டுகொண்டிருந்தான்.

"அண்ணி, எது முடிவாச்சு?" என்றாள் தம்பி மனைவி.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"தாத்தா பேரா? ஐயோ, சாமி!"

வியாழக்கிழமை அவள் ஆறு மணிக்கே வந்துவிட்டாள். ஈரத்தம்மா துடைத்து முடிக்கும்வரை கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வாளி வெளியே போனதும் மைக்கைப் போட்டாள். தாத்தா பெயர் பழைய நாற்காலி மாதிரி, அழகு கிடையாது, கால் நான்கும் உறுதி. அந்த ஓரெழுத்துக் குடும்பப் பெயர் அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. இப்படி ஒரு பொருத்தத்தை அவள் கேட்டதில்லை.

முதல் அழைப்பு. யாருமில்லை.

இரண்டாவது. விளக்கு மட்டும் ஙொய்யென்றது.

நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். முந்தாநாள் போல அணைத்துவிட்டு, தம்பியிடம் இரண்டாவது பெயரையே சொல்லிவிடலாம். நாற்பது வருடம் கிடைக்கிறதே, எத்தனை பேருக்கு அதுகூட இல்லை? ஆனால் நோய்க்கோப்பை அணைத்துப் பிடித்த அந்தச் சின்னக் கை கண்ணைவிட்டுப் போகவில்லை. மூன்றாவது தடவை, எழுத்தெழுத்தாகக் கூப்பிட்டாள். வலது கை தன் பாட்டுக்கு மேசையைத் தடவியது. முத்திரை அங்கே இல்லை.

கடைசி பெஞ்சில் டொக்கென்று ஒரு சத்தம்.

"வரேன், வரேன். மூணு தடவையும் கேட்டுச்சு. நடக்க வேணாமா, அத்தை?"

கைத்தடியை ஊன்றி ஒரு கிழவர் எழுந்தார். எண்பதைத் தாண்டிய வயது. எட்டாவது தூணிலிருந்து கவுன்டருக்கு வர அவருக்கு யுகமே ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். முப்பத்தெட்டு வயதுக்காரியை அத்தை என்று கூப்பிட்டபடி வந்த அந்த முகத்தில் பல் ஒன்றும் இல்லை. காது மட்டும் அப்படியே இருந்தது, கிள்ளிவிட்டதுபோல்.

இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை. கண்ணைக்கூட இமைக்கப் பயந்தாள்.

"கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். வயதானவர்களிடம் தினமும் கேட்கிற கேள்வி.

"யாரு இருக்கா?" என்றார், வெளியே மழையா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல. "ஒவ்வொருத்தரா போயாச்சு. நான்தான் கடைசி."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு வயசு." சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கண்ணாடித் தடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "இங்க இப்ப நம்பர்தான் அத்தை. மேல எழுதிக் காட்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டு நாளாச்சு. வீட்டுலயும் கூப்பிட ஆள் இல்ல. இன்னிக்கு யாரோ கூப்பிட்டாங்க, அதான் எழுந்து வந்தேன். சீட்டு இருக்கா?"

இல்லை. அவள் எழுதவில்லை. எழுதக்கூடாது என்றல்லவா தீர்மானித்திருந்தாள்? பேனாவை எடுக்க இழுப்பறை பக்கம் கை போனது. அது பூட்டியிருந்தது. சாவி கைப்பையில். கைப்பையை எடுக்கத் திரும்பினாள்.

"பரவால்ல, உக்காந்திருக்கேன்" என்ற குரல் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அன்று ஈரத்தம்மா கத்தவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து இழுத்து இழுத்து வந்த இரண்டு கால்களின் தடத்தையும், பக்கத்தில் வட்ட வட்டமாக ஊன்றிய தடியின் தடத்தையும் பார்த்தாள். பிறகு மைக்கக்காவின் முகத்தைப் பார்த்தாள். "காயட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளே படிவத்தைக் கையில் வாங்கினாள். அதற்கு முன் அந்த முழு இரவையும் இரண்டு பேரோடு கழித்திருந்தாள். ஒருவர் சிரித்துக்கொண்டு, மகளோடு, சீக்கிரமே போகிறவர். இன்னொருவர் எல்லோரும் போன பிறகும் இருக்கிறவர். பதினோரு நாள் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், நீ கடைசியாக இரு என்று ஒருவனுக்கு எழுதிக் கொடுப்பது வரமா, தண்டனையா? அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் குழந்தை பிறக்குமோ பிறக்காதோ, அதுவும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். இன்னொரு தடவை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று தம்பியின் முதுகைத் தடவிக் கொடுக்க அவளால் முடியாது. முதல் பிள்ளையோடு அந்தத் தெம்பு தீர்ந்துவிட்டது.

தாத்தா பெயரை எழுதினாள்.

"அண்ணி!" தம்பி மனைவி படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "பொறந்தவுடனே பல்லு கொட்டுன மாதிரி இருக்கே!"

"கொட்டட்டும். நல்லா கொட்டட்டும்."

"ஸ்கூல்ல எல்லாரும் தாத்தா தாத்தான்னு கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும்மா. கூப்பிடுறதுக்குத்தானே பேரு."

தம்பி மட்டும் அந்தப் பெயரைக் குடும்பப் பெயரோடு சேர்த்து ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். வராந்தாவின் அந்தக் கோடியில் நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "அட, உக்காருதுக்கா" என்றான்.

பையன் பிழைத்தான். பிழைத்தது மட்டுமில்லை, கொழுகொழுவென்று வளர்ந்து, பள்ளியில் உண்மையாகவே தாத்தா என்று பட்டப்பெயர் வாங்கினான். அத்தை மட்டும் அவனை ஒருநாளும் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்பு இல்லாதவள்போல, முழுப் பெயரும் குடும்பப் பெயரும் சேர்த்தே கூப்பிடுவாள். "ஏன் அத்தை, போலீஸ் ஸ்டேஷன்ல கூப்பிடுற மாதிரி?" என்று கேட்டுக் கேட்டு அவனும் விட்டுவிட்டான். எதற்கு அப்படிக் கூப்பிட்டாள் என்றால், கூப்பிட ஆளில்லாத அந்த வயதுக்கு அவன் அந்தக் குரலைச் சேர்த்துவைத்துக்கொண்டு போக வேண்டும் என்றுதான். அதோடு, தினமும் காலை ஆறரைக்குக் காலிக் கூடத்தில் அவன் பெயரை ஒரே ஒரு தடவை மைக்கில் சொல்வாள். முதல் அழைப்புக்கே எழுந்து வருகிறவர் சீக்கிரம் போகிறவர் என்பது அவள் கணக்கு. யாரும் வரமாட்டார்கள். தரை ஈரமாக, தடமில்லாமல் கிடக்கும். அப்பாடா என்று பெருமூச்சுவிட்டு நாளைத் தொடங்குவாள். இருபத்திரண்டு வருடம் இது நடந்தது.

அவள் ஓய்வுபெற்ற மாதம் கூடத்தில் நம்பர் காட்டும் பலகையை மாட்டினார்கள். சிவப்பு எழுத்தில் இலக்கங்கள் ஓடின. நோயாளிகள் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படிப்பட்ட பலகை என்று அவளுக்கு முன்னமே யாரோ சொன்னதுதான்.

கடைசி நாள் காலை, மேசையில் இருக்கும் சாமான்களைத் தூக்கிப்போக மருமகன் கூட வந்தான். கூடம் இன்னும் திறக்கவில்லை. "நீ பின்னாடி போய் உக்காரு, முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்றாள். பெட்டி கட்டி முடித்ததும், மைக்கைக் கழற்றுவதற்கு முன், ஒரு சீட்டை எடுத்து அவன் பெயரை எழுதினாள். மையை ஊதி உலர்த்தினாள். பிறகு கூப்பிட்டாள்.

கைப்பேசியில் மூழ்கியிருந்தான். இரண்டாவது தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, எழுத்தெழுத்தாக.

"வரேன், வரேன்" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "மூணு தடவையும் கேட்டுச்சு. நடக்க வேணாமா, அத்தை?"

அவள் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. அவன் வேண்டுமென்றே கிழவனைப்போல் காலை இழுத்து இழுத்து, முதுகை வளைத்து, சிரித்துக்கொண்டு வந்தான். துடைத்த தரையில் தடம் விழுந்துகொண்டே வந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தடத்துக்குப் பக்கத்தில் வட்டங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாள். இல்லை.

"என்ன அத்தை, பேயைப் பாத்த மாதிரி?"

சீட்டை எடுத்தாள். கவுன்டர் பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து உண்டு. அதில் சீட்டைச் செருகி, உள்ளே தள்ளினாள்.

"என்னது அது?"

"உன் சீட்டு."

"எனக்கெதுக்கு? எனக்கு என்ன வியாதி?"

"ஒண்ணும் இல்ல. இருக்கட்டும். கேக்கும்போது இல்லன்னு சொல்லக் கூடாது."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கினான். இழுப்பறையில் அந்த முத்திரை இன்னும் கிடந்தது. அதை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள், இனி வருகிற எந்தக் கைக்கும் அது அகப்படக் கூடாது என்று. வாசல் வரை போனவள் ஒரு தடவை திரும்பி, எட்டாவது தூணைத் தாண்டிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

"யாரைப் பாக்குறீங்க?" என்றான் அவன்.

"உக்காந்திருக்கேன்னு சொன்னாரு" என்றாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.